நான்கு மணிக்கு மேல் முதுமை கிடையாது

பல்கலைக்கழகத்தில் முதுமையைப் பற்றி ஒரு இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்குவது என்று முடிவானபோது, பாடத்திட்டக் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். நாளிதழ் ஒன்றில் துணையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, வாரத்தில் சில வகுப்புகளுக்கு அங்கே செய்தி எழுதச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முதுமைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று டீனிடம் கேட்டேன்.

"உங்க அனுபவம் தேவைப்படுது சார்" என்றார்.

"முதுமைல எனக்கு அனுபவம் இல்லையே."

அவர் என் தலைமுடியைப் பார்த்தார். பிறகு, நாகரிகம் தெரிந்தவர் என்பதால், மின்விசிறியைப் பார்த்தார். டீனுக்கும் ஓய்வுபெறும் வயது கடந்துவிட்டது. அந்தத் தகவல் அவருடைய மீசைக்கு மட்டும் எட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழகம் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில் இருக்கிறது. நூலகத்தைவிடப் பெரிய நுழைவாயில். அதன் மேல் நிறுவனரின் படம். ஒற்றை லாரியை ஓட்டத் தொடங்கி, லாரிகள் வாங்கி, நிலம் வாங்கி, கடைசியில் கல்வி வழங்கும் நிலைக்கு உயர்ந்தவர். எல்லோரும் அவரை அய்யா என்பார்கள். படம் முதல் கட்டடம் திறந்த அன்று எடுத்தது. அதற்குப் பிறகு அந்தக் கட்டடம் மூன்று நிறம் மாறி, விரிசல் விட்டு, விரிசல் பூசப்பட்டுவிட்டது. படத்தில் இருந்த தலைமுடி அன்று போலவே அடர்த்தியாக, கறுப்பாக இருந்தது.

அய்யா முன்னால் வயதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது வளாகத்தின் எழுதாத சட்டம். நம் ஊரில் பெரியவர்களின் பிறந்தநாள் பதாகைகளில் 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' என்று ஒரு வரி வரும். அந்த வரி இல்லாமல் பதாகை அடிக்க அச்சகத்துக்காரருக்குக் கையே வராது. எங்கள் வளாகத்தில் அதற்குத் தடை. வரியில் வயது என்ற சொல் இருக்கிறது. அதைத் தனியாகப் பிடுங்கினால் மீதி நிற்காது. ஆகவே ஆண்டுதோறும் அய்யாவின் படத்துக்குக் கீழே 'வணங்குகிறோம்' என்ற ஒற்றைச் சொல் மட்டும், யாரோ பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனதுபோல நிற்கும்.

அய்யா யாரிடம் இப்படிச் சொன்னார் என்று விசாரித்துப் பார்த்தேன். பத்திரிகையில் இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் போவதில்லை. டீன், பதிவாளருக்குத் தெரியும் என்றார். பதிவாளர், பழைய பதிவாளர் சொன்னதாகச் சொன்னார். பழைய பதிவாளர் ஓய்வுபெற்றுக் காஞ்சிபுரம் பக்கம் போய்விட்டார். தடையை அய்யா வாயிலிருந்து நேராகக் கேட்டவர் ஒருவரையும் நான் கண்டுபிடிக்கவில்லை. அதனால் சட்டம் சற்றும் தளரவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் முதுமைப் படிப்பு என்ற யோசனையைக் கொண்டுவந்தவர் சமூகப்பணித் துறையின் விரிவுரையாளர். நாற்பதைத் தாண்டிய பெண். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாகத் துறையில் மாணவர் சேரவில்லை. அடுத்த ஜூனுக்குள் ஒரு புதிய படிப்பைத் தொடங்கி, குறைந்தது இருபது பேரைச் சேர்த்துக்காட்ட வேண்டும், இல்லாவிட்டால் துறையை மூடிவிடுவோம் என்று டீன் சொல்லியிருந்தார். துறையில் மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். மூடினால் மூடப்படுவது யார் என்பதில் குழப்பமில்லை.

அவருக்கு வீடு மதுராந்தகத்தில். கணவருக்குச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. மாமியார் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார், நினைவும் தடுமாறிவிட்டது. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவார். அந்தப் பெண் பொழுது சாய்வதற்குள் தன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். விரிவுரையாளர் நான்கு மணிக்கு வளாகத்தை விட்டால், செங்கல்பட்டில் விழுப்புரம் பாசஞ்சரைப் பிடித்து நேரத்துக்குப் போய்ச் சேரலாம். சென்னைப் பக்கம் வேலை கிடைத்தால் அது முடியாது. வேலையும் மாமியாரும் ஒரே ரயில் பாதையில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வரைதான் இரண்டையும் பார்க்க முடியும் என்ற நிலை.

"ஏன் முதுமைன்னு எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"வேற எனக்கு என்ன சார் தெரியும்?" என்றார்.

நான்கு மணிக்குக் கிளம்புவதைக் கைரேகை இயந்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஐந்துக்கு முன் விரல் வைத்தால் அரை நாள் விடுப்பு. வீட்டில் முதியவரைப் பராமரிக்கும் பெண்களுக்கு வேலையிடத்தில் நேரச் சலுகை தேவை என்பதைப் பற்றி அவர் ஒரு நல்ல பாடம் எழுதினார். அதை எழுதி முடித்துக் கிளம்பிய அன்றும் அவருக்கு அரை நாள் விடுப்பு விழுந்தது.

குழு கூடியது. பாடத்தைப் பற்றி யாருக்கும் ஆட்சேபம் இல்லை, யாரும் படிக்கவில்லை. பெயரைப் பற்றித்தான் பேச்சு. முதலில் விரிவுரையாளர் வைத்த பெயர் முதுமையியல்.

"முதுமைன்னு போட்டா யார் சேருவாங்க? அதைவிட, அய்யா காதுல விழுந்தா என்ன ஆகும்?" என்றார் டீன்.

"மூத்தோர் நலம்னு வைக்கலாம்."

"மூத்தோர்னா?"

"வயசானவங்க சார்."

"அப்போ அதுவும் அதேதானே."

கடைசியில் 'வாழ்வியல் மேலாண்மை' என்று நிலைத்தது. அதன் பொருள் என்ன என்று நான் கேட்டேன். எல்லாவற்றையும் உள்ளடக்கியது என்றார்கள். பெயர் மாறியதும் உள்ளே இருந்த பாடங்களும் மாற வேண்டியதாயிற்று. 'முதுமையும் நோயும்' என்பது 'உடலும் உற்சாகமும்' ஆயிற்று. மறதி நோய் பற்றிய பாடம் 'நினைவுத் திறன்' என்று ஆயிற்று. மரணத்தைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதை டீன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'நிறைவு மேலாண்மை' என்று தன் கையாலேயே எழுதினார். முப்பது வருடம் தலைப்பு எழுதிப் பிழைத்தவன் நான். உள்ளே இருக்கும் செய்தியை ஒரு வார்த்தை விடாமல் மறைக்கும் தலைப்பை அன்றுதான் பார்த்தேன்.

விளம்பரப் புத்தகத்தின் அட்டைக்கு மாமல்லபுரம் கடற்கரையில் எடுத்த படம் வந்தது. ஒரு பையனும் பெண்ணும் வெள்ளைச் சட்டையில் ஓடுகிறார்கள். முதலில் காட்டிய படத்தில் அவர்களுக்குப் பின்னால், ஓரத்தில், ஒரு பெரியவர் வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அச்சாகி வந்தபோது அவர் இருந்த இடத்தில் அலை இருந்தது. முதுமைப் படிப்பின் விளம்பரத்தில் இடம்பெற இருந்த ஒரே முதியவர் அவர்தான்.

சேர்க்கை நாட்களில் நான் அலுவலகத்துக்குப் பக்கத்து அறையில் இருந்தேன். கோவளத்திலிருந்து ஒரு தகப்பனார் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். படகு வைத்திருப்பவர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தப் படிச்சா இன்னா வேல சார் கெடைக்கும்? ரிசார்ட்ல கெடைக்குமா?"

கழுத்துப்பட்டை கட்டியிருந்த சேர்க்கை அதிகாரி புன்னகை செய்தார். "ஈசிஆர் ரோடு முழுக்க ரிசார்ட்டுதானே சார்."

அது கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் பொய்யும் இல்லை. தகப்பனார் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார். அப்படியே மற்றவர்களும். இருபது வேண்டும் என்ற இடத்தில் இருபத்தாறு பேர் சேர்ந்தார்கள். டீன் விரிவுரையாளரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "பார்த்தீங்களா, முதுமைக்கு நல்ல டிமாண்டு" என்றார்.

முதல் வகுப்பில் விரிவுரையாளர் கரும்பலகையில் முதுமை என்று பெரிதாக எழுதினார். இனியும் மறைக்க முடியாது என்று நினைத்திருக்கிறார். கோவளத்துப் பெண் எழுந்து நின்றாள்.

"மிஸ், நாங்க தப்பான கிளாஸுக்கு வந்துட்டமா?"

பின்னால் ஒரு பையன், அவன் தோள்களைப் பார்த்தால் எதற்குச் சேர்ந்தான் என்று தெரியும், "ஜிம்மு எந்த பிளாக்குல மிஸ் கீது?" என்று கேட்டான்.

வேறு படிப்புக்கு மாறிக்கொள்ள மாணவர்களுக்கு ஒரு மாத அவகாசம் உண்டு. முதல் வாரத்திலேயே ஜிம் பையனும் இன்னும் சிலரும் போய்விட்டார்கள். இரண்டாவது வாரத்தில் எண்ணிக்கை சரியாக இருபதில் வந்து நின்றது. இன்னும் ஒருவர் போனால் படிப்பு இல்லை, துறை இல்லை, விரிவுரையாளரும் இல்லை. அந்த ஒருவர் வந்தார்: கோவளத்துத் தகப்பனார், மாற்றல் விண்ணப்பத்தோடு.

"கெழவங்களுக்குக் கஞ்சி ஊத்தவா மேடம் பொண்ண அனுப்பினேன்? அதுக்கு வூட்லயே ஆளுங்க கீறாங்களே. காலேஜு எதுக்கு?"

விரிவுரையாளருக்கே பல நாள் இதே கேள்வி வந்திருக்கும். "அடுத்த வாரம் களப்பணிக்கு உங்க ஊருக்குத்தான் கூட்டிக்கிட்டு வரேன். ஒரு தடவை பாருங்க. அப்புறம் கையெழுத்து போடுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். தகப்பனார் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை.

கோவளத்துக்கு நானும் போனேன். மாணவர்கள் எழுதும் அறிக்கையைத் திருத்துவது என் வேலை. படகுகள் கரையேறிவிட்ட காலை நேரம். மீன் ஏலம் முடிந்து, பெண்கள் கூடைகளில் பனிக்கட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். மாணவர்கள் கையில் கேள்வித்தாள். முதல் கேள்வி: வயது. அறுபதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் பேட்டி எடுக்க வேண்டும். அங்கேயே வண்டி நின்றுவிட்டது.

கோவளத்துப் பெண் தனக்குத் தெரிந்த ஒரு மீன்காரம்மாவிடம் போய் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு இன்னா வயசு அத்த?"

"எதுக்குடி கேக்குற? பென்ஷனுக்கா?"

"இல்ல, படிப்புக்கு."

"படிப்புக்கு எவ்ளோ வேணும் சொல்லு, சொல்லிட்டுப் போறேன்."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் இன்னொரு மாணவன் கேட்டான். அவர் நியாயமான ஆள், விவரம் கேட்டுக்கொண்டார்.

"ஆதார்ல கீறதா, எங்கம்மா சொன்னதா?"

"எது நெஜம் தாத்தா?"

"எங்கம்மா சுனாமிக்கு முன்னாடியே போயிடுச்சி. யாராண்ட கேக்கறது? ஆதார்ல ஜனவரி ஒண்ணாந்தேதின்னு கீது. இந்தக் குப்பத்துல பாதிப் பேருக்கு ஜனவரி ஒண்ணாந்தேதிதான் பொறந்தநாளு. எழுத வந்த பையனுக்கு அவசரம்."

"இவரு கெழவன் இல்லடா தம்பி," என்று மீன்காரம்மா குரல் கொடுத்தார். "பென்ஷன் குடுக்கற அன்னிக்கி மட்டும் கெழவன். மத்த நாளு கடலுக்குப் போறாரு."

"ஏன், நீ போறியா?"

"நான் போனா உனுக்கு சோறு எவ ஆக்குவா?"

அவர்கள் கணவன் மனைவி என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கேள்வித்தாளின் நடுப்பக்கத்தில் 'தனிமையாக உணர்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி இருந்தது. வெளிநாட்டுப் பாடநூலிலிருந்து எடுத்தது. கோவளத்துப் பெண் அதை மீன்காரம்மாவிடம் சற்றுத் தயங்கித்தான் கேட்டாள்.

"எங்கடி தனியா வுடுறாங்க? நீங்க வேற பஸ்ஸு வெச்சிகினு வந்துட்டீங்க."

தகப்பனார் தன் படகில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வசை வாங்கிக்கொண்டு சிரிப்பதையும், திருப்பிக் கொடுப்பதையும் பார்த்தார். அவருக்குப் பிடித்ததா என்று முகத்தில் தெரியவில்லை. புறப்படும்போது விரிவுரையாளரிடம் வந்தார்.

"தொடக்க விழாவுக்கு அய்யாவே வராராமே?"

"ஆமாம், அடுத்த வாரம்."

"அப்போ அவுரே சொல்லட்டும், இது இன்னா கோர்ஸுன்னு. கேட்டுட்டுக் கையெழுத்து போடறேன்."

திரும்பும் பேருந்தில் மாணவர்கள் கேள்வித்தாளைத் திருத்தினார்கள். முதல் கேள்வியை அடித்துவிட்டு, 'எந்த வயது சொல்கிறீர்கள், ஆதார் வயதா, வீட்டு வயதா?' என்று எழுதிக்கொண்டார்கள். பாடத்திட்டக் குழு ஓராண்டில் செய்ததைவிட அது உருப்படியான திருத்தம். விரிவுரையாளர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தொடக்க விழாவுக்கு முந்தின நாள் டீன் மாணவர்களைக் கூட்டிச் சில சொற்களைத் தடை செய்தார். முதுமை, முதியவர், வயது, ஓய்வு, ஞாபக மறதி. அய்யா எதுவும் கேட்டால் 'லைஃப்ஸ்டைல்' என்று சொல்ல வேண்டும். பூங்கொத்து கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று கோவளத்துப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார். அவள் சிரித்த முகமாக இருந்தாள். அதற்கு மேல் டீன் விசாரிக்கவில்லை.

நிறுவனரை அன்றுதான் முதன்முறையாக நேரில் பார்த்தேன். காரிலிருந்து இறங்கியவர் படத்தில் இருந்தவரைவிட மிகச் சிறியவராக இருந்தார். தலையில் ஒரு கறுப்பு முடி இல்லை. அரங்கின் வாசலில் அவருடைய படம் ஒன்று, பக்கத்திலேயே அவர். கூட்டத்தினர் இரண்டு பேரையும் மாறி மாறிக் கும்பிட்டார்கள்.

மேடைக்குப் படிகள் இருந்தன. கைப்பிடி இல்லை. கைப்பிடி வைத்தால் அது ஒரு கருத்தாகிவிடும் என்று யாரோ எண்ணியிருக்கிறார்கள். அய்யா ஒவ்வொரு படியாக ஏறினார். டீன் ஒரு பக்கம், பதிவாளர் மறுபக்கம், இரண்டு பேரும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். பிடித்தால் வயதைச் சொன்னதாகிவிடும். அரங்கில் இருந்த அத்தனை பேரும் மரியாதையாக வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மனிதர் விழாமல் இருக்கப் பாடுபடுவதை அவ்வளவு பேர் ஒன்றுசேர்ந்து பார்க்காமல் இருந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

மேலே போனதும் அந்தப் பெண் பூங்கொத்தை நீட்டினாள். அய்யா வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க நின்றார். நின்றதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று கேட்டிருக்க வேண்டும்.

"இன்னாம்மா படிக்கிற?"

மைக் பக்கத்திலேயே இருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது. டீனின் உதடுகள் 'லைஃப்ஸ்டைல்' என்று அசைந்தன.

"வயசானவங்களப் பத்தி அய்யா" என்றாள்.

"அவங்களப் பத்தி இன்னா படிப்பு?"

"அவங்களாண்ட எப்பிடிப் பேசறது, இன்னா கேக்கறதுன்னு."

"எங்க, கேளு பாப்போம்."

விரிவுரையாளர் முன்வரிசையில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தார். கையில் இருந்த நிகழ்ச்சி நிரலைச் சுருட்டி, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். மூன்று வரிசைக்குப் பின்னால் தகப்பனார் எழுந்து நின்றுவிட்டார்.

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த முதல் கேள்வி ஒன்றுதான். "உங்க வயசு சொல்லுங்க அய்யா. ஆதார்ல கீறதா, வூட்ல சொல்றதா?"

பதிவாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

அய்யா பூங்கொத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "ரெண்டும் இல்ல. மூணாவது ஒண்ணு கீது" என்றார். "ஹெவி லைசென்ஸு எடுக்க வயசு பத்தல. ரெண்டு வருசம் கூட்டிப் போட்டேன். அதுலேர்ந்து எல்லாத்துலயும் அதான் ஓடுது. நெஜமா பாத்தா நான் ரெண்டு வருசம் சின்னவன். இத்த எவனும் இதுவரைக்கும் கேக்கல."

பிறகு நாற்காலி கேட்டு உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பித்தார். முதல் லாரி, அதன் பிரேக்கு, பாலாற்றில் தண்ணீர் வந்த ஒரு வருடம், மணலில் மாட்டியது, செத்துப்போன கிளீனர். அந்தப் பெண் கீழே உட்கார்ந்து அடுத்தடுத்த கேள்விகளைக் கேட்டாள். தனிமையாக உணர்கிறீர்களா என்பதையும் கேட்டாள். "மாமல்லபுரத்துல கடல பாத்தாப்ல வூடு. வேலக்காரங்க எட்டு பேரு. எவனும் வாயத் தொறக்கறதில்ல. வயசப் பத்திப் பேசக் கூடாதுன்னு எவனோ சொல்லி வெச்சிருக்கான். அத்த வுட்டா என்னாண்ட பேசறதுக்கு வேற இன்னா கீது?" என்றார்.

குத்துவிளக்கு ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தி உருகித் தட்டில் படிந்துவிட்டது. சிறப்பு விருந்தினர் தன் உரையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். புறப்படும்போது அய்யா டீனிடம் சொன்னார்: "இந்தப் புள்ளைங்கள சாயங்காலத்துல வூட்டாண்ட அனுப்பு. நான் சும்மாதான் கீறேன்."

தகப்பனார் வெளியே வந்து, விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்தார். "அய்யா வூட்டுக்கே போகுதா பொண்ணு? அப்போ சரி" என்றார். படிப்பு என்ன என்பதை அவர் பிறகு கேட்கவில்லை.

மறுநாள் காலை வளாகத்தில் எல்லாம் மாறியிருந்தது. அரங்கின் வாசலில் 'முதுமையியல் துறை' என்று ஆளுயர எழுத்தில் பதாகை. அய்யா படத்துக்குக் கீழே 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' என்ற வரி முழுசாகத் திரும்பியிருந்தது. அச்சகத்துக்காரர் அதைத் தயாராகவே வைத்திருந்திருக்க வேண்டும். "நான் ஆரம்பத்திலேர்ந்தே முதுமைன்னுதான் வைக்கச் சொன்னேன்" என்றார் டீன். குழுவில் இருந்த எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

கூடவே ஒரு சுற்றறிக்கை வந்தது. படிப்பு நிரந்தரமாக்கப்படுகிறது. விரிவுரையாளர் துறைத் தலைவராகிறார். நாள்தோறும் மாலை நான்கு முதல் ஆறு வரை அவர் தலைமையில் மாணவர்கள் நிறுவனர் இல்லத்தில் களப்பணி செய்வார்கள்.

அவர் அதை என் மேஜைக்கு எடுத்து வந்தார். இரண்டு முறை படித்துவிட்டு, "வேலை நிலைச்சிருச்சு சார்" என்றார். "ரயில் போயிடுச்சு."

"டீன்கிட்ட சொல்லிப் பாருங்க."

"என்னன்னு? மாமியார்னா? ஒரு வருசமா சொல்லிக்கிட்டுதானே இருக்கேன். அரை நாள் லீவு போடறாங்க."

சுற்றறிக்கையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து டீன் அறைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"சார், அய்யா விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினார். அய்யா என்றதும் டீன் பேனாவைக் கீழே வைத்தார். "வயசானவங்களுக்குச் சாயங்காலம் ஆக ஆகக் களைப்பு கூடும். சிலருக்குத் தடுமாற்றம் வரும், எங்க இருக்கோம்னு தெரியாது, பயந்துபோயிடுவாங்க. அந்த நேரத்துல கூட்டமா போய்க் கேள்வி கேக்கறது நல்லதில்ல. நம்ம மாணவர்கள் போன நேரமா பார்த்து அய்யாவுக்கு ஏதாவதுன்னா..."

மீதியை டீனே முடித்துக்கொண்டார். அவர் முகத்தில் அது வரிவரியாகத் தெரிந்தது.

விரிவுரையாளர் சொன்னதில் பொய் என்று ஒன்றும் இல்லை. மாலையானால் அப்படி ஆகிற ஒருவர் மதுராந்தகத்தில் இருக்கிறார். விலாசத்தை மட்டும் அவர் சொல்லவில்லை. டீனும் கேட்கவில்லை.

மதியத்துக்குள் திருத்திய சுற்றறிக்கை வந்துவிட்டது. களப்பணி இனி காலையில். மாலை நான்கு மணிக்கு மேல் முதுமை தொடர்பான கல்விச் செயல்பாடு எதுவும் வளாகத்திலோ வெளியிலோ நடைபெறக் கூடாது. துறைத் தலைவர் நான்கு மணிக்கு வளாகத்தை விட்டு வெளியேறுவதை நிர்வாகம் உறுதிசெய்யும். ஒரு வருடம் மாமியாருக்காகக் கேட்டுக் கிடைக்காத ஒரு மணி நேரம், அய்யாவுக்காக அரை நாளில் கிடைத்தது. கைரேகை இயந்திரமும் சொன்னபடி கேட்டது.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு மாலை செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். எனக்குத் தாம்பரம் பக்கம், அவருக்கு மதுராந்தகம் பக்கம். கொளவாய் ஏரியின் மேல் வெயில் சாய்ந்திருந்தது. அவருடைய கைப்பேசி அடித்தது. நிறுவனரின் டிரைவர். சத்தமாகப் பேசுகிற ஆள், எனக்கும் கேட்டது.

"மேடம், அய்யா வராண்டாவுல உக்காந்துகினு கேக்கறாரு. புள்ளைங்க ஏன் சாயங்காலம் வர்றதில்லன்னு."

"காலைல வந்தோமேங்க."

"காலைல மாத்திரை போட்டுகினு தூங்கிடறாரு மேடம். நீங்க வந்து பாத்துட்டுப் போயிடுறீங்க. சாயங்காலந்தான் பேசற மூடுல கீறாரு. நாலு மணியிலேர்ந்து கேட்டையே பாத்துகினு கீறாரு."

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். தூரத்தில் பாசஞ்சரின் முகம் தெரிந்தது.

"சர்க்குலர் இருக்குங்க. நான் என்ன பண்ண முடியும்?" என்று சொல்லிக் கைப்பேசியை வைத்தார்.

பிறகு அவரே சொன்னார்.

"எங்க மாமியாரும் இந்நேரத்துக்குத்தான் சார் வாசலைப் பார்க்க ஆரம்பிப்பாங்க. வர்றது யாருன்னு தெரியாது. ஆனா யாராவது வரணும்."

ரயில் வந்து நின்றது. பெண்கள் பெட்டியில் இடம் இருந்தது. அவர் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தபோது கைப்பேசி மறுபடி அடித்தது. எடுத்து யாரென்று பார்த்தார். சத்தத்தை நிறுத்தி, மதிய சாப்பாட்டு டப்பா இருந்த பைக்குள் போட்டுக்கொண்டார்.